மூன்றே கால்

லிஃப்டின் கதவு அறுபத்தொரு சென்டிமீட்டர்.
ஐவின் இரண்டு தரம் அளந்துவிட்டான்.
நான் கேட்கும் வண்டியின் அகலம் ஐம்பத்தொன்பது.
மிச்சமிருக்கும் இரண்டு சென்டிமீட்டரில்
ஒரு வாரமாக
உரசாமல் போய்வரப் பார்க்கிறோம்
அவனும் நானும்.

அவனுக்கு நான்கு சக்கரம் வேண்டும்.
கவிழாது, டிராமில் ஏறும்,
காப்பிக் கோப்பைக்கு வளையம் இருக்கிறது.
நான் பிடித்த முயலுக்கு
மூன்றே கால்.

சண்டை என்று சொல்ல முடியாது.
பெர்கனில் யாரும் குரலை உயர்த்துவதில்லை,
எல்லோருக்கும் சேர்த்து மழை பேசிவிடுகிறது.
அவன் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான்.
நான் டயரின் விட்டத்தை வாய்விட்டுப் படித்தேன்.

முன்சக்கரம் சுழல வேண்டும்,
ரொட்டிக் கடை வரிசையில்
முன்னால் நிற்பவரின் குதிகாலை விட்டு விலக.
ஓடும்போது அதே சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும்,
ஒரு கூழாங்கல் கூப்பிட்டதற்கெல்லாம்
தலையைத் திருப்பாமல்.
இரண்டு சுபாவமும் ஒரே அச்சில்.
என்னிடமும் இதைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

காற்றடைத்த டயர் பஞ்சராகும்.
கெட்டி ரப்பர் என்றால் பாதையின் ஒவ்வொரு கல்லும்
குழந்தையின் தாடையில் கேட்கும்.
கைப்பிடியில் பிரேக். மணிக்கட்டுக்கு ஒரு வார்.
"வார் எதற்கு?" என்றான்.
இந்த ஊரில் தெருக்களெல்லாம் கடலுக்குத்தான் போகின்றன என்றேன்.
அதன் பிறகு அவன் வாரைப் பற்றிப் பேசவில்லை.

கடையில் சின்ட்ரே என்ற பையன்
ஒரே உதறலில் மடித்துக் காட்டினான், குடைபோல.
தூவாவை அவனிடம் நீட்டினேன்:
ஒரு கையில் இவளை வைத்துக்கொண்டு மடி.
அவன் மேலாளரைத் தேடிப் போனான்.

சனிக்கிழமை, லான்டோஸில் ஒரு வீடு.
குன்வோர், பல் மருத்துவர்,
முழங்காலில் புதுத் தையல்.
நிலவறையிலிருந்து அவள் மகன் தூக்கி வந்தான்,
அதில் உட்கார்ந்தால் இப்போது
கால் தரையில் இழுபடும் அவனுக்கு.
சாம்பல் நிறம், மூன்று சக்கரம், ஒரு கையால் மடிகிறது.
இருக்கை இடுக்கில் காய்ந்த ஆரஞ்சுச் சுளை ஒன்று,
பந்தய எண் குத்தும் ஊக்குகள் நான்கு.
"ஊக்கும் விலையில் சேர்த்தி" என்றாள்.

தூவாவுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.
ஆறு மாதமாவது ஆகட்டும், பிறகு ஓடலாம்
என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.
ஆகவே அவள் அப்பாவின் மழைச்சட்டைக்குள் தூங்க,
பத்துக் கிலோ உருளைக்கிழங்கை உட்காரவைத்து
தோளுக்கும் இடுப்புக்கும் வார் மாட்டி
ஏரியைச் சுற்றி ஓடினேன்.

எண்ணூறு மீட்டரை
இரண்டு நிமிடம் ஒன்பது நொடியில் ஓடியவள்.
மூன்றாவது விளக்குக்கம்பத்தில் சிறுநீர் கசிந்தது.
நிற்கவில்லை. மழை இருந்தது,
மழைக்கு எல்லாத் தொடையும் ஒன்றுதான்.
சக்கரம் நேராகப் போனது.
வேர் புடைத்திருந்த இடத்தில்
கிழங்கு ஒருமுறை குலுங்கி
அமைதியானது.
எதிரே ஓடிவந்த கிழவர்
குழந்தையைப் பார்க்கக் குனிந்தவர்
மரியாதையாக, ஒன்றும் கேட்காமல் கடந்தார்.

கரையில் நின்ற ஐவின்
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அதற்காக அவனிடம்
ரொம்ப நாள் கடன்பட்டிருப்பேன்.

வீட்டில், லிஃப்ட்.
இரு பக்கமும் விரல்கடை இடம்.
வண்டி போனது. தூவாவைத் தோளில் போட்டு நானும் போனேன்.
அவனுக்கு இடமில்லை.
இதை மட்டும் யாரும் அளக்கவில்லை.

கிழட்டு லிஃப்ட், ஐந்து மாடி.
கதவு திறந்தபோது எனக்கு முன்னால் நின்றான்,
சட்டை சொட்ட, மூச்சிரைக்க.
எத்தனை நொடி என்று கேட்டான்.
நான் கடிகாரம் பார்க்கவில்லை என்றேன்.

இரவு கிழங்கை வேகவைத்தோம்.
நாளையும் அதுதான்.