டாக்குமெண்டாக அனுப்பு

ராமநாதபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி.
மெட்டாடேட்டா என்றால்
தரவைப் பற்றிய தரவு என்றார் வந்தவர்.
எழுதிக்கொண்டோம்.
கணக்குப் பிரிவு தவசுமணி எழுந்து கேட்டார்:
அப்ப உப்பைப் பற்றிய உப்பு எது சார்?
பதில் வரவில்லை. வடை வந்தது.

மண்டபம் திரும்பினேன்.
கடலுக்குப் போகும் படகுகளுக்குக் கொடுத்த
பழைய டோக்கன் புத்தகங்களை ஸ்கேன் செய்கிறேன்
பக்கத்துக்கு நாற்பது பைசா.
எந்திரம் தன் போக்கில் பேர் வைக்கும்
ஸ்கேன் 0046, ஸ்கேன் 0047.
பதினோராயிரம் பக்கமும் பத்திரமாக இருக்கிறது.
தேடினால் ஒன்றும் கிடைக்காது.

எமல்டா வந்த அன்று கரண்ட் இல்லை.
பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல்
போனை நீட்டினாள்.
படத்தில் இன்னாசி, ஒரு கூடை நகரை,
பின்னால் கடல்.
"இது எடுத்த அன்னைக்கு ராத்திரிதான் புடிச்சிட்டுப் போனாங்க.
எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நின்னிருக்காங்க,
படமே இருக்குல்ல?"

படம் இருக்கிறது. கடலும் இருக்கிறது.
எந்தக் கடலென்று கடல்மேல் எழுதியில்லை.
கலங்கலைப் பார்த்து
வடகடல் என்று நான் சொல்லிவிடுவேன்.
வக்கீல் என் கண்ணைத் தாக்கல் செய்ய முடியாது.

சொன்னேன்:
படம் எடுக்கும்போதே போன்
கூடவே ஒரு சீட்டும் எழுதும்.
ஐஸ் பெட்டிமேல் ஒட்டுகிறார்களே அதுபோல,
யார் படகு, எத்தனை கிலோ, எந்த லாரி.
சீட்டை யாரும் சமைப்பதில்லை.
சீட்டுக் கிழிந்தால் மீன் கெட்டுப்போவதும் இல்லை,
மதுரைக்குப் போகவேண்டியது
கொச்சியில் போய் இறங்கும், அவ்வளவுதான்.

"சீட்டைக் காட்டுங்க."
வாட்சப் கிழித்துவிட்டது.
படத்தைச் சின்னதாக்கி அனுப்புகையில்
சீட்டை உதறிவிடும்.
முழுசாக இருப்பது இன்னாசியின் போனில்.
போன் அந்தக் கரையில்
ஏதோ ஸ்டேஷனில், ஒரு உறைக்குள்.
உறைமேல் தேதியும் எண்ணும் போட்டிருப்பார்கள்
அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவள் கொஞ்ச நேரம் பிள்ளையின் மணிக்கட்டைத் தடவினாள்.
"இவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில
கையில ஒரு பட்டி கட்டினாங்க.
எமல்டா பேபின்னு எழுதி, மணி, எடை எல்லாம் போட்டு.
அதுவா?"
அதேதான்.
"அதுல இவன் பேரு இல்லையே."
அப்போது அவனுக்குப் பேரே இல்லையே.
யாரென்று தெரியும் முன்னாலேயே
யாருடையவன் என்று சொல்லியது அது.

இரண்டு நாள் பயிற்சியை
இந்தப் பிள்ளையின் கையில் கட்டியிருக்கலாம்.

பிறகு அவளுக்கே நினைவு வந்தது,
வியாபாரி சேகு ஜலால்
மீனின் கண்ணைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.
படம் மங்கல், டாக்குமெண்டா அனுப்புடா
என்று இன்னாசியை அன்று ஏசியிருக்கிறார்.
கூப்பிட்டாள். வந்தது.
திறந்து விவரத்தைத் தட்டினேன்.
தேதி. மாலை நான்கு பன்னிரண்டு.
ஒன்பது பாகை சொச்சம், எழுபத்தொன்பது சொச்சம்.
வரைபடத்தில் வைத்தேன்:
இந்தப் பக்கம்தான், நன்றாகவே இந்தப் பக்கம்.

அவள் சிரிக்கவில்லை.
"புடிச்சது பதினோரு மணிக்கு."
ஆமாம்.
நடுவில் ஏழு மணி நேரம்
காற்றும் நீரோட்டமும் இருக்கின்றன.
அதற்குச் சீட்டு இல்லை.
இல்லாததை நான் எழுத முடியாது,
எழுதினால் இருப்பதையும் நம்பமாட்டார்கள்.

கரண்ட் வந்ததும் அச்செடுத்துக் கொடுத்தேன்.
பின்பக்கம் எழுதினேன்:
யாரிடமிருந்து வந்தது, எப்போது,
எந்தப் போனில் திறந்தேன், என் பேர்.
மடிக்காமல் கொண்டுபோனாள்.

அன்றிரவு 0047ஐத் திறந்தேன்.
பேர் வைப்பதற்குக் காசு கிடையாது.
படகு எண் அடித்தேன், தேதி அடித்தேன்,
டோக்கன் எழுதியவர் இனிஷியல் அடித்தேன்.
ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி:
கச்சான் பலம். நாலு படகு திரும்பியது.

காற்றுக்குக் கட்டம் இல்லை படிவத்தில்.
'இதர குறிப்பு' என்றிருந்ததில்
அடித்து வைத்தேன்.