நூற்றிருபது காணாங்கெளுத்தி

தேவனாம்பட்டினத்தில் நாற்பது,
தாழங்குடாவில் நாற்பது,
சோனாங்குப்பத்தில் நாற்பது.
மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை
பலகையில் கிடத்தி அளந்து
ஈரக்கையால் எழுதிய எண்கள்.
ஒரு பக்கத்தில் ஏழு கரைந்து
ஒன்றைப் போல் நிற்கிறது.

"எங்க ஊர் மீனுதான் பெருசு" என்று
மூன்று ஊரிலும் சொன்னார்கள்.
அதைப் பார்க்கத்தான் இந்தத் தற்காலிக வேலை.
நாளுக்கு நானூறு, பஸ் காசு தனி.

முதுநகர் அறையில் மின்விசிறி
தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
சராசரிகள்:
பத்தொன்பது புள்ளி எட்டு,
இருபத்தொன்று புள்ளி மூன்று,
பத்தொன்பது புள்ளி ஆறு.
இவற்றை இரண்டிரண்டாக மோதவிடக் கூடாது.
மூன்று தரம் கதவைத் திறந்தால்
ஒரு தரமாவது பூனை நுழையப் பார்க்கும்.
ஒரே தரம் திறந்து ஒரே கேள்வி:
ஊருக்கு ஊர் உள்ள தூரம் பெரிதா,
ஒரே ஊர்க் கூடைக்குள்
மீனுக்கு மீன் உள்ள தூரம் பெரிதா?
அது மேலே, இது கீழே,
நடுவில் ஒரு கோடு.

விடை பதினைந்து புள்ளி நாலு.

கலியவரதன் சார் டீ வாங்கித் தந்தார்.
"தாழங்குடா தனிதாம்மா. அறிக்கையில எழுதிடு."
எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில்
காலிக் கூடையோடு அஞ்சலாட்சி.
சொன்னேன். கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.
"நீ அன்னிக்கு அளந்தது பூரா
எங்க வீட்டுக்காரர் ஃபைபர்ல வந்ததாச்சே?
ஒரே வலை, ஒரே பாடு."
அவளுடைய பஸ் வந்துவிட்டது.

தேவனாம்பட்டினம் போன நாளில்
கடல் சரியில்லை, ஒரு படகுதான் போயிருந்தது.
சோனாங்குப்பத்தில்
எந்தப் படகு முதலில் கரையேறியதோ அது.
ஒத்த அளவு மீன்கள் ஒன்றாகத்தான் நீந்தும்,
எட்டாம் வகுப்பு வரிசையாகப் போவதுபோல்.
அந்த ஒரு வகுப்பை நிறுத்தி அளந்துவிட்டு
ஊரே இவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறேன்.

நூற்றிருபது இல்லை.
மூன்று.
ஊருக்கு ஒரு வலை.
கோட்டின் கீழே சுதந்திரப் பாகை பூஜ்யம்,
வகுக்க எதுவுமே இல்லை.

கெடிலம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
மூன்று ஊரும் ஒன்றுதான் என்றும்
என்னால் சொல்ல முடியாது.
அதைச் சொல்லவும் கையில் ஏதாவது வேண்டும்.

மறுநாள் விடியக் கருக்கலில் தாழங்குடா.
முதல் படகில் நாலு மீன் மட்டும் எடுத்தேன்.
"இன்னிக்கு இவ்ளோதானா?" என்றார்
அஞ்சலாட்சி வீட்டுக்காரர்,
கொஞ்சம் கோபமாக.
அடுத்த படகின் விளக்கு
இன்னும் அலைக்கு அந்தப் பக்கம்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு
நின்றேன்.