அரைக்கால் ஷட்டர்

மன்னார்குடி எக்கோ அறையில்
மார்புப் பசையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்:
"எவ்வளவு திறக்குது?"
டாக்டர் சிரிக்கவில்லை. "முப்பத்தஞ்சு சதவீதம்."

முப்பத்தொரு வருஷம் லஸ்கர் நான்.
அரைக்கால் ஷட்டரில்
கடைமடைவரை தண்ணீர் போனதைப் பார்த்தவன்.
முறை வைத்து விட்டால் போகும்.

எண்பத்தெட்டு வயசில்
பாமணியாற்றுக் கரையில் முறை வைத்து நடக்கிறேன்:
ஒரு கம்பம் நடை, ஒரு கம்பத்தில் நிற்றல்.
நாக்கடியில் வைக்கிற மாத்திரை
சட்டைப்பையில், பீடி இருந்த இடத்தில்.

"அசையாமக் கிட" என்றார்கள் தம்புசாமியிடம்.
கிடந்தார். கார்த்திகை மழையில் எடுத்துப் போனோம்.
நானும் சுடுகாடுவரை நடந்தேன்,
பாதியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து.

இன்று ஏழாவது கம்பம்.
கணுக்கால் வீங்கியிருக்கிறது.
எட்டாவதின் அடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது.
எழுந்து இடம்விடுமா, பார்க்கலாம்.