மைனஸ் எழுபத்தொன்பது

பிளவ்டிவ் நகரம், த்ராக்கியா குடியிருப்பு, எட்டாவது மாடி.
லிஃப்டில் சுட்ட மிளகாய் வாசம் என்னோடு ஏறி வந்தது.
செப்டம்பர் வந்தால் பால்கனிக்குப் பால்கனி
குடைமிளகாய் தோல் கருகும்.

கதவைத் திறந்த வெலிச்காவின் கையெல்லாம் சிவப்பு.
“உள் அறையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.
மகள் பர்காஸிலிருந்து பேசினால்
முதலில் வாய் வருகிறது, அப்புறம்தான் வார்த்தை.”

சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.
செங்கல் இருமும்.
ஜிப்சம் பலகை பொய் சொல்லும்.
இது வாயே திறக்கவில்லை:
ஆலையில் வார்த்து, கிரேன் தூக்கி அடுக்கிய கான்கிரீட்,
வயிற்றுக்குள் கம்பி வலை.

நான் எடுத்துப்போன பெட்டி ஐந்து கிகாஹெர்ட்ஸ்.
சுமக்கிற மூட்டை பெரிது, அலை என் சுண்டுவிரல் நீளம்.
இந்த மாதிரிச் சுவருக்குள் போனால்
பாதி வழியில் வெதுவெதுப்பாகி இல்லாமல் போய்விடும்.
உள் அறைக்குக் கேபிள் இழுத்து அங்கேயே மாட்டினேன்.
படம் ஓடியது. மகளின் வாயும் வார்த்தையும் ஒன்றாக வந்தன.

கூடத்தில் பழைய பெட்டி ஒன்று மிச்சம்.
இரண்டு புள்ளி நான்கு.
சுமப்பது கொஞ்சம், அலை அதைப்போல இரு மடங்கு நீளம்,
முட்டி மோதி எப்படியாவது அந்தப் பக்கம் போய் நிற்கும்.
“இதைக் கழற்றிவிடட்டுமா?
மாடி முழுக்க இருக்கிற இரைச்சல் இதில்தான்.”

பட்டியலைத் திறந்தேன்.
ஒரே ஒரு கைபேசி. ஓக்னியான் என்று பெயர்.
மைனஸ் எழுபத்தொன்பது.
“யாரோ உங்களுடையதைத் திருடுகிறார்கள்” என்றேன்.

திரையைப் பார்க்காமலே கேட்டார்:
“எண் என்ன?”
சொன்னேன்.
“அடுப்படியில் இருக்கிறார்.
அறுபத்தாறு என்றால் படுத்துவிட்டார்.
கட்டிலை இந்தச் சுவரோரமே போட்டிருக்கிறார், முட்டாள் மனிதர்.”

பக்கத்து ஒற்றை அறையை வாங்கி
கான்கிரீட்டை வெட்டிக் கதவு வைத்தார்களாம், மகள் பிறந்த வருடம்.
விவாகரத்தில் அந்த அறை அவருக்கு.
கதவை அவரே அடைத்தார், இரண்டு ஞாயிற்றுக்கிழமை,
இவர் மணல் சலித்துக் கொடுத்தார்.

அலமாரிக்குப் பின்னால் கை விட்டுத் தட்டினேன்.
இருமியது.
கம்பி இல்லாத வெறும் செங்கல்,
ஒரு கதவளவு.

எண்பத்து மூன்று என்றது திரை.
எண்பத்தொன்பது.
பிறகு வரியே இல்லை.
“ரொட்டி வாங்கப் போகிறார்” என்று சொல்லி
மிளகாய் கிண்டப் போய்விட்டார் வெலிச்கா.
கழற்றவா வேண்டாமா என்பதற்குப் பதில் வரவில்லை.
பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்,
ஆன்டெனாவை அலமாரிப் பக்கம் திருப்பினேன்,
ரசீதில் எழுதவில்லை.

கீழே லிஃப்ட் வாசலில்
கக்கத்தில் ரொட்டியோடு ஒருவர்.
என் பையையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார்.
“எட்டாவது மாடியா?
புதுசு போட்டீர்களா?”
போட்டேன் என்றேன்.
“பழையது?”

லிஃப்ட் கதவு அவர் தோளில் இடித்து
மறுபடி திறந்துகொண்டது.
“கூடத்திலேயே இருக்கிறது” என்றேன்.
ரொட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு
உள்ளே போனார்.