இறங்காத ஓடம்

ஃபோவிங்கல் சந்தை, எண்பத்தெட்டு, செப்டம்பர் ஞாயிறு.
அந்த ஒரு நாள் தெரு முழுக்கப் பழம்பொருள்.
தலைக்கு மேலே தொங்குரயில் போகும்போதெல்லாம்
பிரிங்க்மான் விலை சொல்வதை நிறுத்தினார்,
போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.
நாற்பது மார்க். ரொட்டி நிறத்தில் ஒரு கொமடோர்,
ஒரு விசை இல்லை, அந்தப் பள்ளத்தில் தீக்குச்சி.
முப்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தபின்
அப்பா கேட்டார்: இதில செய்தி கேக்கலாமோ?

எங்கள் தொலைக்காட்சியில் அதன் நீலம் சாம்பல்.
நீலம் என்று சொன்னது வதனி அக்கா,
தோழி வீட்டில் பார்த்திருக்கிறாள்.
நானும் நம்பி நீலமாகவே பார்த்தேன்.

விளையாட்டு வாங்கக் காசில்லை.
சஞ்சிகையின் நடுப்பக்கங்களில்
ஒரு நிலவையும் அதில் இறங்கும் ஓடத்தையும்
எண்களாக அச்சிட்டிருந்தார்கள்.
அக்கா வாசித்தாள், நான் அடித்தேன்,
இரண்டு இரவு, ஒரே போர்வைக்குள் நாலு கால்.
பள்ளிக்கூட மிடுக்கில் ஜெர்மனில் வாசித்தாள்.
எழுபத்தொன்றை அவர்கள்
ஒன்றும் எழுபதும் என்பார்கள்.
முதலில் கேட்டதை முதலில் அடித்தேன்.
17.

சேமிக்க வெற்று நாடா இல்லை.
நெல்லியடியிலிருந்து மலர் சின்னம்மா
பேசி அனுப்பிய கசெற் கிடந்தது.
மறுபக்கத்தைப் போட்டுப் பார்த்தோம்,
அரை நிமிடம் வெறும் இரைச்சல்.
ஒன்றுமில்லை என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

ஒரு பக்கத்தை இரவுவேலை முடித்துவந்து கேட்ட அம்மா
மறுபக்கத்தை ஞாயிறுக்கென்று வைத்திருந்தாள்.

ஞாயிறு வந்தது. ரேடியோ செற்றில் போட்டாள்.
தகரத்தில் ஆணி இழுபட,
ஆயிரம் தவளை ஒரே மூச்சில் கத்த,
ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
நிறுத்தினாள். அடிக்கவில்லை.
அன்றைக்குப் புட்டு கட்டிகட்டியாய் இருந்தது.

ஏழு நிமிடம் ஏறும் விளையாட்டு,
நாலு நிமிடத்துக்கொரு ரயில்.
சன்னலை அது உரசிப் போனால்
நாடா பிழைக்கும் என்று பயந்து
ரயிலுக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்தோம்.
ஓடம் வந்தது. இறங்க மறுத்தது.
நெருப்பை எவ்வளவு குறைத்தாலும்
மெல்ல மெல்ல மேலேறித் திரையின் விளிம்பில் தொலைந்தது.
அதுதான் விளையாட்டு என்று நினைத்தோம்.
நெடுநேரம் தொலையாமல் வைத்திருப்பவர் வென்றார்.
அப்பா வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்
இன்னும் மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம் என்று
முத்திரை வாங்கிவந்த குளிர்காலம் அது.
அக்கா ஒருமுறை பதினொரு நிமிடம் வைத்திருந்தாள்.

போன மாதம் அந்தக் கசெற்றைக் கணினிக்கு மாற்றினேன்.
கீச்சிடல் ஓய்ந்தபின் நிறுத்த மறந்துவிட்டேன்.
அமைதி. பிறகு குரல்:
"...சீலை அனுப்பாத அக்கா, இங்க கட்டிக்கொண்டு
எங்க போறது. நாய் குலைக்குது,
ஆரோ வாறாங்கள் போல. பொறு..."
அவ்வளவுதான். எங்கள் நிலவு விட்டுவைத்த மிச்சம்.

பிரம்டனுக்கு எடுத்தேன். அண்டைக்கு ஆர் சின்னம்மா வந்தது?
ஞாபகமில்லையடா. பாண்காரனாயிருக்கும்.
பிறகு: உங்கட விளையாட்டு, அது வென்றியளோ?

வரி முந்நூற்று நாற்பது.
17ஐ அழித்து 71 அடித்தேன்.
ஓடம் நேரே வந்து இறங்கியது, நாலு விநாடி.
படம்பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.
விசரா, இது எங்கட இல்லை, என்று எழுதினாள்.
திரும்ப 17 போட்டுவைத்தேன்.

அம்மாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.
இன்றைக்கு வியாழன்தானே.