அயலார் கட்டணம்

எங்கள் தெருவின் வடக்கு முனையில் மாநிலம் முடிகிறது.
அங்கே ஒரு டயர் கடை.
கல்லாப்பெட்டி ஒஹாயோ, கழிப்பறை மிச்சிகன்
என்று கடைக்காரன் வேடிக்கையாகச் சொல்வான்.
மார்கிட் வேலை பார்ப்பது எல்லைக்கு அந்தப் பக்கம்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.
பாலும் பெட்ரோலும் எங்கே மலிவோ அங்கே வாங்குவோம்.
இத்தனை வருஷத்தில் யாரும் எங்களை
அயலார் என்று சொன்னதில்லை.

பல்கலைக்கழகம் சொன்னது.
முக்கால் மணி நேரத் தூரத்தில் இருப்பது.
இலோனாவுக்கு இடம் உண்டு, வாழ்த்துகள்,
அயல் மாநிலத்தவர் செலுத்த வேண்டியது பின்வருமாறு.
மார்கிட் தொகையைப் படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி படித்தாள்.
தொகை அழியவில்லை.

அதே வாரம் மொன்டானாவிலிருந்து ஒரு கடிதம்.
ஆயிரத்து அறுநூறு மைல்.
பாதிக்கு மேல் தள்ளுபடி, வா என்கிறது.
பனியைப் படிக்கலாம் என்கிறது.

பனியைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா,
வாசலிலேயே கிடக்கிறதே,
அள்ளக் கூப்பிட்டால்தான் வருவதில்லை
என்றான் மைத்துனன் ஆல்டன்.
இலோனா சிரிக்கவில்லை.
எப்போது சரியும் என்று படிப்பார்கள் மாமா, என்றாள்.

பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் எங்கள் ஊருக்கே ஒன்று இருக்கிறது.
நல்லதுதான்.
அதைப் பற்றி மரியாதையாகவே பேசுகிறாள்,
பல் மருத்துவரைப் பற்றிப் பேசுவதுபோல.

எதிர்வீட்டு டுவேன் மகனைத் தெற்கே அனுப்பினான்,
வெயிலுக்காகவும் கால்பந்துக்காகவும்.
கடன் மகன் பெயரில்;
அந்தச் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு
அப்பன் சனிக்கிழமைதோறும் புல் வெட்டுகிறான்.
மொன்டானாவை இந்தத் தெருவில்
யாரும் வேண்டாம் என்று தள்ளவில்லை.
தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.
தொப்பி விற்காத ஊருக்குப் பிள்ளையை அனுப்ப
யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
பதினோரு வருஷமாகக் கார்க் கண்ணாடி ஏற்றிக்கொண்டு
சியாட்டில்வரை போய் வருகிறவன் நான்.
அந்த ஊருக்கு மூன்று மைல் முன்னால்
இருபது முப்பது இரவு தூங்கியிருக்கிறேன்.
பல்கலைக்கழகம் என்று ஒரு பலகை,
வலப்பக்கம் அம்பு.
நாற்பது டன் வண்டி அதற்கெல்லாம் திரும்பாது.
எனக்கு அது ஊரே இல்லை. டீசல் விலை.
சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும் இடம்.
சூப் நன்றாக இருக்கும் ஒரு கடை.

மேசையில் மார்கிட் கணக்குப் போடுகிறாள்.
விமான டிக்கெட், தாங்க்ஸ்கிவிங்குக்கு ஒன்று,
கிறிஸ்துமஸுக்கு ஒன்று.
தாங்க்ஸ்கிவிங்கை அடித்தாள்.
காய்ச்சல் வந்தால் என்று ஒரு வரி எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டாள்.
நீதான் போயிருக்கிறாயே,
எப்படி இருக்கும் சொல்லேன், என்றாள்.

தூரம் என்று நான் சொல்ல வேண்டும், அவளுக்கு.
இலோனாவுக்கு வேறொன்று.

நான் பெற்ற பெண்ணில்லை. ஆறு வயதில் கிடைத்தவள்.
வாரத்தில் ஐந்து நாள்
தூரத்திலிருந்தே வளர்த்தேன்.
எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்பாள்.
ஊர்ப் பெயர் சொன்னால் போதாது,
ஜன்னலில் என்ன தெரிகிறது என்பாள்.
பனி என்று சொல்லியிருக்கிறேன் போல.
மலைமேல் பனி, நிலா இல்லாமலே
வெளிச்சமாக இருக்கிறது என்று.
நேற்றுத்தான் நினைவுபடுத்தினாள்.
சொன்னவன் மறந்துவிட்டிருந்தேன்.

இரண்டு முகமும் என்னையே பார்த்தன.
சூப் நன்றாக இருக்கும், என்றேன்.

முன்பணம் கட்ட மே ஒன்று கடைசி.
இன்று ஏப்ரல் இருபத்தெட்டு.
பால் தீர்ந்திருந்தது.
சாவியை எடுத்துக்கொண்டு
மிச்சிகன்வரை போய் வந்தேன்.