குலுக்கல்

மேக்கனில் மாலை ஆறு.
பந்தலூரில் விடிகாலை மூன்றரை.
தூக்கம் இமையில் ஒட்டியிருக்க
"குட் ஈவினிங் இமானி" என்கிறேன்.
மணிக்கு இருநூற்றுப் பத்து ரூபாய்.
எட்டாம் வகுப்பு, ஜார்ஜியா மாநிலம்,
நிலமும் வரலாறும்.

போகாத ஊர்தான்.
ஆனாலும் மனப்பாடம்:
வடக்கே நீலம் பூசிய மலை,
நடுவில் செம்மண் மேடு,
தெற்கே கடல் விட்டுப்போன மணல்.
மேடு முடிந்து மணல் தொடங்கும் கோட்டில்
ஆறுகள் தடுக்கி விழும்.
விழுந்த இடத்தில் படகு நிற்கும்,
படகு நின்ற இடத்தில் ஊர் முளைக்கும்.
"எங்க ஊர் அந்தக் கோட்டுல தான் மிஸ்" என்கிறாள்,
ஏதோ அவளே போட்ட கோடு மாதிரி.

எங்கள் மனைக்குப் பட்டா இல்லை.
பதினேழாம் பிரிவு நிலம், கரண்ட் தரமாட்டார்கள்.
சுபாகரன் அண்ணன் வீட்டிலிருந்து
சில்வர் ஓக்கில் கட்டி இழுத்த ஒயரில்தான்
இந்த லேப்டாப் மூச்சு விடுகிறது.
யானை அறுத்துவிட்டால் அன்றைக்கு ஜார்ஜியா இல்லை.

இன்றைய பாடம் தங்கம்.
இருநூறு வருஷம் இருக்கும்,
வடமலையில் மண்ணைக் கழுவினார்கள், மின்னியது.
அந்த மலையில் செரோக்கிகள்.
சொந்த எழுத்து, சொந்த அச்சுக்கூடம்,
பெரிய கோர்ட்டு அவர்கள் பக்கம் சொன்ன தீர்ப்பு.
எதுவும் தாங்கவில்லை.
அரசாங்கம் இரண்டு பீப்பாய் வைத்தது.
ஒன்றில் ஆட்களின் பெயர்,
மற்றதில் நிலத்தின் எண்.
உருட்டி எடுத்தார்கள்.
தங்க மண் என்றால் நாற்பது ஏக்கர்.

"லாட்டரியா மிஸ்?"
லாட்டரி.
நாடுகாணி இறங்கி வழிக்கடவில்
அப்பா வாரம் ஒன்று வாங்கி
ரேஷன் கார்டுக்குள் மடித்து வைப்பாரே, அது.
என்ன, உள்ளே ஆள் உலை வைத்துக்கொண்டிருக்கும்போதே
அந்த வீட்டைப் பரிசாக எழுதிய சீட்டு.

"பீப்பாயில எங்க ஆளுங்க பேர் இருந்துச்சா?"
இல்லை.
உன் ஆட்கள் அப்போது
இன்னொருவர் சொத்துக் கணக்கில் இருந்தார்கள், இமானி.
சொல்லிவிட்டேன்.
பேனாவை மேசையில் தட்டுகிறாள்,
அந்தச் சத்தம் மட்டும் கடல் தாண்டி வருகிறது.

எங்கள் தேவாலாவிலும் தங்கம் இருந்தது என்கிறேன்,
பேச்சை மாற்ற.
வெள்ளைக்காரர் கம்பெனி கம்பெனியாக வந்து
மலையைத் துளைத்தார்கள்.
லண்டனில் பங்கு விற்றதுதான் மிச்சம்.
துளைகள் அப்படியே கிடக்கின்றன.
போன மழையில் ஒரு மாடு உள்ளே போனது.
இப்போதும் ராத்திரியில் சிலர் இறங்குகிறார்கள்.
சுபாகரன் அண்ணன் நகக்கண்ணில்
எப்போதும் அந்தச் சேறு.

"உங்களுக்கு முன்னாடி அங்க யார் இருந்தாங்க?"

அப்பா கதையைச் சொல்லலாம்.
இரண்டு தேசம் போட்ட கையெழுத்தில்
கண்டிச் சீமை விட்டுக் கப்பலேறி
மண்டபம் முகாமில் ஒரு எண் வாங்கி
இந்த மலைத் தேயிலைக்கு வந்தவர்.
அது அவள் கேட்ட கேள்வி இல்லை.

பணியர் என்கிறேன். குறும்பர்.
"எங்க போனாங்க?"
போகவில்லை.
கீழே ஓடையோரம் எட்டு வீடு.
வெள்ளச்சி என்று ஒருத்தி,
என் அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கிறாள்.
எங்கள் வீடு நிற்கும் மேட்டை
அவள் வேறொரு பெயரால் சொல்வாள்.
என்ன பெயர் என்று
இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

இமானி எழுதுகிறாள்.
"ஸ்பெல்லிங் மிஸ்."
விளக்கு ஒருமுறை அடங்கி எரிகிறது.
தோட்டத்துப் பக்கம் யாரோ
தகரம் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.
ஒவ்வோர் எழுத்தாக, வேகமாகச் சொல்கிறேன்.